கை அறிய வெட்டுவோம்: பார்வையற்ற நெசவாளருக்கு ஒரு துணி வெட்டும் பலகை



முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். மிளகாயும் நெல்லும் செய்து வாழ்ந்த குடும்பம். 2009ஆம் ஆண்டு செல் வீச்சில் அவர் இரு கண் பார்வையையும் இழந்தார். முகாம் வாழ்க்கைக்குப் பின்னர் கைத்தறி பழகினார். இன்று துவாய், மேசை விரிப்பு ஆகியவற்றை அவர் நெய்கிறார். நெசவிலே குறை சொல்ல இடமில்லை. ஆனால் நெய்த துணியைத் துண்டு துண்டாக வெட்டுவதற்கு மட்டும், தமையனின் மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. கொடுக்கவேண்டிய நாள் நெருங்கினால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை.

இந்தப் பாடம் அந்த ஒரு தடையை நீக்கும் முயற்சியில் நாம் கற்றுக்கொண்டதைப் பற்றியது. நாம் என்றால் ஒரு தச்சர், ஒரு தையல் ஆசிரியை, பங்கிலே தொண்டு செய்யும் சிலர், அத்தோடு அந்தச் சகோதரி. எமது வாசகரில் பெரும்பாலானோர் நெசவாளர் அல்லர். ஆயினும் போரினாலோ, வெண்படலத்தினாலோ, நீரிழிவினாலோ பார்வை குன்றிய ஒருவர் இல்லாத கிராமம் எம்மிடையே அரிது. அவருக்கு வேலை தேடும்போது நாம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் இப்பலகை கற்றுத் தருகிறது.

வெட்டு ஏன் இவ்வளவு முக்கியம்?

நெசவு கண்ணை அதிகம் நம்பியிருக்கும் தொழில் அல்ல. கால் மிதியை உணர்கிறது. நாடா ஓடும் சத்தம் காதுக்குக் கேட்கிறது. இழை அறுந்தால் விரல் கண்டுபிடிக்கிறது. எத்தனை மிதி மிதித்தோம் என்பதை மனம் எண்ணுகிறது. ஆகவேதான் பல நாடுகளில் பார்வையற்றோர் பாடசாலைகள் நெடுங்காலமாகவே நெசவை ஒரு தொழிலாகக் கற்பித்து வந்துள்ளன.

ஆனால் தறியிலிருந்து இறங்கியதும் துணிக்கு அந்த ஒழுங்கு இல்லாமற் போகிறது. அது மேசையில் நெளிகிறது, மடிகிறது. கத்தரிக்கோலின் நுனி எங்கே போகிறது என்பதை விரல் தொட்டறிய முடியாது. தொட்டால் வெட்டும்.

கோணலாக வெட்டினால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு துவாயின் நீளம் 54 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு ஒரு பக்கத்தில் 1 அங்குலம் சரிந்துவிட்டால் அதை நேராக்க அந்த 1 அங்குலத்தையும் வெட்டி எறிய வேண்டும். 54 முறை அப்படி நடந்தால் ஒரு முழுத் துவாய் போய்விட்டது. அங்குலத்துக்கு 40 ஊடையிழை கொண்ட துணியானால், அந்த 54 அங்குலத்தில் 2,160 தடவை நாடா ஓடிய உழைப்பு குப்பைக்குப் போகிறது. போதாததற்கு, அளவு பிசகிய துவாயைக் கடைக்காரர் குறைந்த விலைக்கே எடுப்பார். வயலிலே நன்றாக விளைவித்துவிட்டு சூட்டின்போது நெல்லைச் சிந்துவதற்கு இது ஒப்பாகும்.

எமது முதல் இரண்டு பிழைகள்

நாம் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். மற்றவர்கள் அவற்றைத் திரும்பச் செய்யவேண்டியதில்லை.

முதலில், நீண்ட மரச்சட்டம் ஒன்றைத் துணியின் மேல் வைத்து அதன் ஓரமாகக் கத்தரிக்கோலை ஓட்டும்படி சொன்னோம். சட்டம் வழுக்கியது. அடியில் மடிந்து கிடந்த துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டது. ஒரே வெட்டில் இரண்டு துவாய்கள் பழுதாயின.

இரண்டாவதாக, ஒரு மரக்கட்டையில் சவர அலகைப் பொருத்தினோம். எம்மில் ஒருவர் தம் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு அதைப் பரீட்சித்தார். அவருடைய விரல் வெட்டுப்பட்டது. அதன் பின்னர் இந்த வேலை பார்வையற்றோருக்கு ஆபத்தானது என்று முடிவுகட்டி, ஏறக்குறையக் கைவிட்டுவிட்டோம். அங்கேதான் பெரிய பிழை. கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவன் பார்வையற்ற நெசவாளி அல்லன். அவன் அறிவது இருட்டின் பயத்தை மாத்திரமே. பல வருடம் இருளோடு வேலை செய்த கையின் திறமை அவனுக்குக் கிடையாது.

நாம் தயங்கி நின்றதைப் புரிந்துகொண்ட அந்தச் சகோதரி சொன்னார்: "தம்பியவை, தறியிலை நான் பிழை விடுறது குறைவு. கால் எங்கை, நாடா எங்கை எண்டு தறியே எனக்குச் சொல்லும். உங்கடை பலகை ஒண்டும் சொல்லுதில்லை. பேசாமல் கிடக்கு. அதுதான் பிழைக்குது."

அதுவரை நாம் அவரிடம் ஒரு தடவையேனும் கேட்கவில்லை. எரிகோ வீதியோரத்தில் இருந்து கூப்பிட்ட பர்த்திமேயுவை ஆண்டவர் அழைப்பித்தபோது, அவனுக்குத் தேவை இன்னதென்று தாமாகத் தீர்மானித்துச் செய்யவில்லை. அவன் பார்வையற்றவன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், என்ன வேண்டும் என்று அவனையே கேட்டார். மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்த நாம் அந்தக் கேள்வியைக் கவனியாமல் விட்டிருந்தோம்.

பலகை என்ன சொல்ல வேண்டும்?

அன்று அவரோடு தறியருகே இருந்து பேசியதில், வெட்டும் ஒருவருக்கு நான்கு விடைகள் தேவை என்று தெரிந்தது.

1. துணியின் கரை எங்கே இருக்கிறது?
2. துண்டின் நீளம் சரியா?
3. வெட்டு ஊடையிழையின் வழியே நேராகப் போகிறதா?
4. அலகு இப்போது எங்கே இருக்கிறது?

பார்வையுள்ளவருக்கு இந்நான்கையும் கண் ஒரே நோட்டத்தில் சொல்லிவிடுகிறது. பார்வையற்றவருக்கு ஒவ்வொன்றையும் விரலோ காதோ சொல்ல வேண்டும். நான்காவது கேள்விக்கு விடை தெரியாத எந்தக் கருவியையும் அவர் கையில் கொடுக்கக்கூடாது.

அடையாளங்களை எப்படி இடுவது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. பிரெய்ல் எழுத்தின் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்தவை. விரல் நுனி பிரித்தறியக்கூடிய எல்லை அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. ஆனால் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அவ்வளவு நுண்மை போதாது. வளர்ந்தபின் பார்வை இழந்த கமக்காரர் பலருக்கு பிரெய்ல் படிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எமது பலகையில் ஆணித்தலைகளைக் கால் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளியில் அடித்தோம்.

பிரெய்ல் எழுத்தைத் தந்த லூயி பிரெய்லின் கதையும் ஒரு பட்டறையிலேதான் தொடங்குகிறது. அவர் 1809இல் பிரான்சு தேசத்தின் கூவ்றே என்ற ஊரில், குதிரைச் சேணம் செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தகப்பனின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியோடு விளையாடியபோது அது கண்ணிலே பட்டது. அந்தக் காயம் மற்றக் கண்ணையும் பாதித்து, பார்வை முற்றாகப் போயிற்று. பின்பு பாரிஸ் நகரின் பார்வையற்றோர் பாடசாலையில் படித்து, பதினைந்து வயதளவில் தமது புள்ளியெழுத்தை உருவாக்கினார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. கவனமின்றிக் கிடந்த ஒரு கருவி பார்வையைப் பறித்தது. கூர்மையான கருவி செய்பவர் அதை மறக்கலாகாது.

தறியிலேயே தொடங்குங்கள்

வெட்டும் இடத்தை மேசையிலே தேடுவதைவிட, நெய்யும்போதே துணிக்குள் வைத்துவிடுவது இலகு. இந்த யோசனை அந்தச் சகோதரியுடையது. மிளகாய்க் கன்று நடும்போது முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து இடைவெளி பார்ப்போம் அல்லவா? அதுபோல, துணிக்குள்ளும் ஒரு கயிறு இருந்தால் என்ன என்று கேட்டார்.

செய்முறை இதுதான். ஒரு துவாய் நெய்து முடிந்த இடத்தில், ஒரு மிதிக்கு ஊடையிழைக்குப் பதிலாக ஒரு தங்கூசியைக் கையால் கோத்துவிட வேண்டும். அடுத்த மிதிக்கு இன்னொரு தங்கூசி. இரண்டும் கரைக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் நீட்டி நிற்கட்டும். பின்பு வழக்கம்போல் அடுத்த துவாயைத் தொடங்கலாம். மீன்பிடிக்குப் பாவிக்கும் தடித்த தங்கூசி நல்லது. நூலை விட விறைப்பானபடியால் விரல் உடனே அறியும். வழுவழுப்பானபடியால் பிறகு இலகுவாக உருவி எடுக்கலாம். அதே தங்கூசியைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

தங்கூசி ஊடையிழை போகும் வழியிலேயே கிடக்கிறது. ஆகவே அதன் வழியே வெட்டினால் வெட்டு கோணலாக முடியாது. அதை உருவியபின் அந்த இடத்தில் பாவிழை மட்டுமே மிஞ்சும். அலகுக்கு அது தயாரான பாதை.

ஒரு எச்சரிக்கை. தறியில் துணி இழுபட்டு நிற்கிறது. இறக்கியதும் சற்றுச் சுருங்கும். பருத்தித் துணி முதல் துவைப்பில் மேலும் சுருங்கும். ஆகவே முதலில் ஒரு துவாயை நெய்து, இறக்கி, ஓர் இரவு விட்டு அளந்து பாருங்கள். பின் நனைத்துக் காயவிட்டு மீண்டும் அளவுங்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் தறியிலே கூட்டி நெய்ய வேண்டும்.

பலகையின் அமைப்பு

நாம் கடைசியாகச் செய்த பலகை 32 அங்குலம் வரை அகலமுள்ள துணிக்கு உரியது. ஊர்த் தச்சர் ஒருவர் செய்யக்கூடியது.

அடிப்பலகை: 4 அடி நீளம், 10 அங்குல அகலம், வளையாத காய்ந்த மரம். அதன்மேல் இரண்டு தட்டைப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஆணியடியுங்கள். இரண்டுக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3 மில்லிமீற்றர், இடைவெளி விடுங்கள். இதுவே அலகு ஓடும் பள்ளம். பள்ளத்தைக் குடையத் தேவையில்லை. கால் அங்குலத்துக்குக் குறைந்த இடைவெளிக்குள் விரல் நுழையாது என்பதால் இது பாதுகாப்பும் ஆகிறது.

அழுத்துச் சட்டங்கள்: 36 அங்குல நீளமான இரண்டு சட்டங்கள், பள்ளத்தின் இருபுறமும் ஒவ்வொன்று. இவற்றின் அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினால் துணி வழுக்காது. சட்டங்களின் நுனிகளில் மடித்து வைத்த ரியூப் துண்டுகள் அவற்றை அரை அங்குலம் உயர்த்திப் பிடித்திருக்கும். நான்கு நுனிகளிலும் கயிறு கட்டி, அடிப்பலகையின் துளைகளூடாகக் கீழே இறக்கி, ஒரு மிதிபலகையில் இணைக்க வேண்டும். மிதித்தால் சட்டங்கள் துணியை இறுக்கும், விட்டால் எழும்பும். காலால் மிதிப்பது நெசவாளிக்குப் பழகிய வேலை. கைகள் இரண்டும் ஓய்வாக இருக்கும்.

பாலம்: அடிப்பலகையின் இரு முனையிலும் கட்டை நிறுத்தி, அவற்றின் மேல் இரண்டு நேரான மரங்களைச் சமாந்தரமாகப் பொருத்துங்கள். அவற்றின் உட்பக்கத்தில் தவாளிப்பு வெட்ட வேண்டும். பழைய அலுமினிய யன்னற் சட்டம் கிடைத்தால் அதையும் பாவிக்கலாம்.

சறுக்குக் கட்டை: பாலத்தின் தவாளிப்புக்குள் மட்டும் ஓடும் கட்டை. மேலே உருண்டைக் கைபிடி. கீழே, கடைகளில் விற்கும் அகலமான கடதாசி வெட்டும் கத்தியின் அலகு சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அலகின் நுனி துணிக்குக் கீழே பள்ளத்துக்குள் கால் அங்குலம் இறங்க வேண்டும். கட்டை பாலத்தைவிட்டு மேலே எழும்ப முடியாது. ஆகவே அலகும் வெளியே வராது.

கூடு: பாலத்தின் வலது முனையில், அழுத்துச் சட்டங்கள் முடிந்தபின் வரும் 6 அங்குல இடத்தை நாலு புறமும் பலகையால் மூடுங்கள். வேலை இல்லாத வேளையில் அலகு இந்தக் கூட்டுக்குள்ளேதான் இருக்கும். கட்டை கூட்டுக்குள் போனதும் ஒரு சிறு தகரத் துண்டு 'டக்' என்று விழுந்து பிடிக்க வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு நன்மை இருக்கிறது. சறுக்குக் கட்டை கூட்டுக்கு வெளியே நிற்கும்போது அது அழுத்துச் சட்டங்களுக்கு நேர் மேலே நிற்கிறது. எனவே மிதியிலிருந்து கால் எடுபட்டாலும் சட்டங்கள் எழும்பமாட்டா. சட்டங்கள் எழும்புகின்றன என்றால் அலகு கூட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். நான்காவது கேள்விக்கான விடை இது. "அலகு எங்கே?" என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. கால் சொல்லிவிடும்.

அளவுக் கைகள்: சிறிய துண்டுகளை வெட்டுவதற்காக, அடிப்பலகையின் மறுபுறம் 30 அங்குல நீளமான இரண்டு மரக்கைகளை நீட்டுங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு துளை. 6 அங்குலத்துக்கு ஓர் ஆணித்தலை, 12 அங்குலத்துக்கு இரண்டு ஆணித்தலைகள். வேண்டிய துளையில் மரமுளையைச் செருகிக்கொள்ளலாம். துணியின் நுனியைப் பிளந்த தட்டைத் தடியொன்றில் கவ்வவைத்து, இரண்டு முளைகளிலும் அத்தடி முட்டும்வரை தள்ள வேண்டும். இரு பக்கமும் முட்டினால் துணி நேர். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் துணி சரிவு.

கைகள் பள்ளத்துக்கு மூலைமட்டமாக நிற்க வேண்டும். அத்திவாரம் போடும்போது பார்க்கும் 3, 4, 5 கணக்கை இங்கும் பாவிக்கலாம். பள்ளத்தின் வழியே 18 அங்குலம், கையின் வழியே 24 அங்குலம் குறித்தால், குறுக்கே 30 அங்குலம் வர வேண்டும்.

எல்லாப் பார்வைக் குறைபாடும் முழு இருளல்ல. பலருக்கு வெளிச்சமும் நிற வேறுபாடும் தெரியும். அப்படியானவர்களுக்காகப் பள்ளத்தின் இருபுறமும் கறுப்பும், கைபிடிக்கு மஞ்சளும் பூசுங்கள். வெள்ளைத் துணி கறுப்பின் மேல் தெளிவாகத் தெரியும்.

வேலை செய்யும் ஒழுங்கு

ஒழுங்கு மாறக்கூடாது. ஒழுங்குதான் பாதுகாப்பு.

1. கூட்டைத் தொட்டு, கட்டை உள்ளே பூட்டப்பட்டிருப்பதை உறுதிசெய்யுங்கள்.
2. சட்டங்களுக்குக் கீழாகத் துணியைத் தள்ளுங்கள்.
3. தங்கூசியின் இரு நுனிகளையும் பிடித்து இழுத்து நேராக்குங்கள். அவை துணிக்கு வெளியே தாமாகவே பள்ளத்துக்குள் விழும். ஒரு நுனி மட்டும் விழுந்தால் துணி கோணலாக இருக்கிறது. எதிர் எதிர் மூலைகளைப் பிடித்து மெதுவாக இழுத்துச் சரிசெய்யுங்கள்.
4. மிதியுங்கள். துணி இறுகும்.
5. தங்கூசி இரண்டையும் உருவுங்கள். அவை பள்ளத்துக்கு மேலே கிடப்பதால் சட்டம் அவற்றைப் பிடிக்காது.
6. இடது கையை முன்புறத்திலுள்ள கைபிடியில் வையுங்கள். வெட்டி முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.
7. வலது கையால் தகரப் பூட்டைத் தூக்கி, கட்டையை இடது முனை வரை ஒரே சீராக இழுங்கள். முனையில் முட்டும் சத்தம் கேட்கும்.
8. கட்டையைத் திரும்பக் கூட்டுக்குள் தள்ளுங்கள். 'டக்' சத்தம் கேட்டபின் காலை எடுங்கள்.

இடதுகைப் பழக்கம் உள்ளவருக்குக் கூட்டை இடது பக்கத்தில் அமைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தடவையில் ஒரு மடிப்புத் துணியை மட்டும் வெட்டுங்கள். பல மடிப்பை வைத்தால் அடியிலுள்ளது நகர்ந்துவிடும்.

சரிபார்ப்பதையும் அவரே செய்யலாம். வெட்டிய துவாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சுவர்க் கட்டையோடு சேர்த்து அடுக்கி, மறு ஓரத்தை விரலால் தடவினால் நீண்டதும் குறைந்ததும் உடனே தெரியும். ஒரு துவாயின் மூலைக்கு மூலை ஒரு நூலைப் பிடித்து, மற்ற இரு மூலைகளுக்கும் அதே நூலைப் பிடித்துப் பாருங்கள். நீளம் ஒன்றானால் துவாய் சதுரம் தப்பவில்லை.

அலகைப் பராமரித்தல்

மொட்டை அலகு துணியை வெட்டாது, இழுக்கும். இழை பிடுங்கப்படும் 'சர' என்ற சத்தம் மாறுவதைக் காதே முதலில் அறியும். அப்போது அலகை மாற்ற வேண்டும். கட்டை கூட்டுக்குள் இருக்கும்போதே, கூட்டின் மூடியைத் திறந்து திருகாணியைக் கழற்றும்படி அமையுங்கள். பழகும்வரை அலகு மாற்றுவதை ஒருவரின் துணையோடு செய்வது நல்லது. கழித்த அலகை மூடியுள்ள தகரப் பேணியில் போடுங்கள். குப்பைக் கிடங்கிலோ தோட்டத்திலோ எறியவேண்டாம். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உள்ள இடங்கள் எமது ஊர்கள். வேலை முடிந்ததும் கூட்டை ஆமைப்பூட்டால் பூட்டுங்கள்.

கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்திருங்கள். கோப்பித் தூளோ சாம்பலோ வைக்க வேண்டாம். காயம் ஆழமானால் வைத்தியசாலைக்குப் போய் ஏற்பூசி பற்றியும் கேளுங்கள்.

தயவு அல்ல, உரிமை

எமது நாட்டில் பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் முறையான கல்வி 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய பாடசாலையோடு ஆரம்பமாயிற்று. அது இன்றும் இரத்மலானையில் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை ஒரு வீட்டுத் திண்ணை வரை கொண்டு வருவது அயலவரின் வேலை.

இடம்பெயர்ந்து வாழ்ந்த எமக்கு இது புதிய பாடமல்ல. எமக்கு என்ன வேண்டும் என்று கேளாமலே பொருட்களை இறக்கிவிட்டுப் போன லொறிகளை நாம் கண்டிருக்கிறோம். விதைக்கும் காலத்தில் விதையில்லாமல், வேறு எதையோ கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அந்த அனுபவம் உள்ள நாமே அந்தச் சகோதரிக்கு அதே பிழையைச் செய்தோம். அவரைக் கேட்ட பின்னர்தான் பலகை பேசத் தொடங்கியது.

பலகை வந்த முதல் நாட்களில் சில வெட்டுகள் பிழைத்தன. ஒரு மிதிக் கயிறு அறுந்தது. தகரப் பூட்டின் சத்தம் போதாதென்று அவர் சொல்ல, தடித்த தகரம் போட்டோம். பின்பு ஒரு நாள் நாம் அங்கே இருந்தபோது, பெறாமகன் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தான். வழக்கம்போலக் கத்தரிக்கோலைத் தேடினான். துவாய்கள் வெட்டி, மடித்து, அடுக்கி இருந்தன. "அப்ப நான் என்ன செய்ய, மாமி?" என்று கேட்டான்.

"கையைக் காலைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு. பிறகு புத்தகத்தை எடுத்து எனக்குக் கேக்கப் படி," என்றார் அவர்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் பார்வை குன்றியவர்கள் யார்? அவர்கள் முன்பு என்ன தொழில் செய்தார்கள்? இப்போது என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?
2. அவர்கள் செய்யும் வேலையில் எந்த ஓர் இடத்தில் மட்டும் பிறர் கையை எதிர்பார்க்கிறார்கள்? அந்த இடத்தை மாற்ற ஒரு பலகையோ, கயிறோ, ஆணியோ போதுமா?
3. பனையோலைச் சார்வை ஒரே அகலத்தில் வார்வதற்கும், சாக்கை ஒரே அளவில் வெட்டுவதற்கும் இதுபோன்ற பலகையை எப்படி மாற்றியமைக்கலாம்?
4. எமது வீட்டிலும் பட்டறையிலும் கூர்மையான கருவிகள் எங்கே கிடக்கின்றன? அவற்றுக்கும் ஒரு கூடு உண்டா?